ஏற்றத்தில் பின்னால் உருளும் பேலட்: ஒருவழி ஸ்டாப்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் மெஷினிங் யூனிட் நடத்தும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. அலுமினிய கியர்பாக்ஸ் ஹவுசிங் ஏற்றிய ஸ்டீல் பேலட் (பொருளைத் தாங்கும் தட்டு), மொத்தம் 20 கிலோ. உதிரிபாகம் கழுவும் மெஷினின் வாய் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால், மோட்டார் இல்லாத ரோலர் கன்வேயர் 3 டிகிரி ஏற்றத்தில் போகிறது. கீழ்முனையில் ஓர் ஏர் சிலிண்டர் ஒவ்வொரு பேலட்டாக 300 மிமீ மேலே தள்ளிவிட்டுத் திரும்புகிறது. மேலே ஏறிய 6 பேலட்டும் திரும்ப உருண்டு வராமலிருக்க, கதவுக் கீல் ஒன்றில் இரும்புப் பட்டையை வெல்ட் வைத்துத் தடுப்பு செய்திருக்கிறார். அது பிடிப்பதற்குள் வரிசை 25 மிமீ பின்னால் வந்து டமாரென்று மோதுகிறது. கீலின் பின் (நடுவிலுள்ள அச்சுக் கம்பி) அடிக்கடி வளைந்துவிடுகிறது. செட்டப் மாற்றும்போது பேலட்டுகளைக் கீழே இறக்க வேண்டும். அப்போது இந்தத் தடுப்பு விலகிக் கொடுக்கவும் வேண்டும். ரெடிமேட் ஸ்டாப்பர் சிலிண்டர் (பேலட்டைத் தடுத்து நிறுத்தும் ஏர் சிலிண்டர்) வாங்கிவிடலாமா, என்ன போர் சைஸ் (உள்விட்டம்) எடுக்கலாம், நாமே செய்வதென்றால் எங்கே செய்வது என்பது அவர் கேள்வி.

இந்த வேலைக்கு ஸ்டாப்பர் சிலிண்டர் வேண்டாம் என்பது அவருக்கு நான் எழுதும் பதில். ஒரு பின்னில் ஆடுகிற, ஸ்பிரிங்கால் எழும்புகிற துண்டு ஒன்று போதும். ஒர்க்‌ஷாப்பில் டாக் என்போமே, அதுதான். அதன் வாலைத் தள்ளி மூக்கைத் தாழ்த்த ஒரு குட்டி சிலிண்டர் வைத்துக்கொள்ளலாம், அல்லது கையால் இழுக்கும் கேபிள். ஆனால் அந்த டாக்கில் எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் செய்தால், இப்போதிருக்கும் கீலின் கதைதான் அதற்கும். ஸ்பிரிங் மூக்கைத் தூக்கினால் போதும். அச்சுப் பின் திசை காட்டினால் போதும். சுமையை வாங்குவதற்கென்று தனியாக ஒரு பிளாக் இருக்க வேண்டும். உடைந்துபோன பல ஸ்டாப்பர்களைக் கழற்றிப் பார்த்தால், இந்த மூன்று வேலையும் ஒரே உறுப்பின் தலையில் விழுந்திருக்கும்.

முதலில் எவ்வளவு சுமை என்று பார்ப்போம். 3 டிகிரி சரிவில் 20 கிலோ பேலட் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 10 நியூட்டன். 6 பேலட் சேர்ந்தால் 62 நியூட்டன், அதாவது 6 கிலோ சொச்சம். கையால் பிடித்து நிறுத்திவிடலாம். பிறகு ஏன் பின் வளைகிறது? அந்த 25 மிமீ இடைவெளிதான் காரணம். 62 நியூட்டன் விசையோடு 120 கிலோ 25 மிமீ உருண்டு வந்தால் சுமார் 1.5 ஜூல் ஆற்றல் சேர்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இரும்பில் இரும்பு மோதி அரை மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டுமென்றால் சராசரி விசையே 3000 நியூட்டனைத் தாண்டும், உச்ச விசை அதைவிடக் கூடுதல். 6 கிலோ பிடிக்க வேண்டிய இடத்தில் 300 கிலோ அடி விழுகிறது. ரோலரின் உராய்வு இதில் கொஞ்சம் குறைக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது, ஏனென்றால் புது ரோலர் போட்டால் அது மாறிவிடும்.

இதே வரிசை 5 மிமீ மட்டும் பின்னால் வந்து, 2 மிமீ அமுங்குகிற பியூ (பாலியூரித்தேன்) பேட்டில் மோதுகிறது என்று வையுங்கள். சராசரி விசை 200 நியூட்டன் சுற்றில் வந்துவிடும். 3000 எங்கே, 200 எங்கே! பெரிய பின், தடித்த தகடு, பெரிய சிலிண்டர் என்று செலவு செய்வதற்கு முன்னால் இடைவெளியைக் குறைக்க வழி பாருங்கள். அந்த வழிக்குக் காசு அதிகம் ஆகாது.

இடைவெளியைக் குறைப்பதில் ஒரு சிக்கல் உண்டு, படம் வரையும்போது கண்ணில் படாமல் போய்விடும். பேலட்டின் பின் விளிம்பைப் பிடிக்கும்படி டாக்கை வைத்தால், பேலட் தாண்டிய பிறகுதான் மூக்கு எழும்ப முடியும். ஆனால் பேலட்டை ஒட்டிக்கொண்டே புஷரின் (கீழ்முனையில் தள்ளும் ஏர் சிலிண்டரின்) தலையும் வருகிறதே. அந்தத் தலை டாக்கின் மேல் உட்கார்ந்திருக்கும்வரை மூக்கு எழாது. புஷர் பின்வாங்கி வழிவிட வேண்டும், அதற்குள் பேலட்டும் அதோடு சேர்ந்து பின்னால் வருகிறது. உங்கள் 25 மிமீ-க்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். புஷரின் தலை எவ்வளவு தடிமன் என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.

இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, புஷர் தலையை இரண்டு விரலாகப் பிரித்து, நடுவில் டாக் எழும்ப வழி விடுவது. மற்றது, பேலட்டின் பின் விளிம்பையே மறந்துவிட்டு, அதன் அடியில் ஒரு குறுக்குப் பட்டையை போல்ட் போட்டு, டாக் அந்தப் பட்டையைப் பிடிக்கும்படி செய்வது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பட்டையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தேய்ந்தால் மாற்றலாம். ஹார்டன் செய்து கடினமாக்கலாம். பேலட்டின் விளிம்பு அடிபட்டு மழுங்கிப் போனாலும் அளவு மாறாது. எல்லா பேலட்டிலும் பட்டை ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒரு ஜிக் (துளையின் இடத்தைக் காட்டும் அச்சு) வைத்துத் துளை போட்டுவிடுங்கள்.

புஷரின் ஸ்ட்ரோக்கையும் கவனிக்க வேண்டும். பட்டை டாக்கின் மூக்கைத் தாண்டி 4, 5 மிமீ போகும்படி ஸ்ட்ரோக் முடிய வேண்டும். சரியாக மூக்கின் விளிம்பிலேயே முடிந்தால் ஒரு பேலட்டுக்குப் பிடிக்கும், அடுத்ததற்குப் பிடிக்காது. சிலிண்டரின் முனை குஷனை (ஸ்ட்ரோக் முடிவில் வேகத்தைத் தணிக்கும் அமைப்பை) நன்றாகத் திருகி வையுங்கள். இல்லாவிட்டால் பேலட் புஷரை விட்டுப் பிரிந்து முன்னால் ஓடி, பிறகு திரும்பி வந்து மோதும். குறைத்த இடைவெளி வீணாகிவிடும்.

சரி, இப்போது டாக்கின் வடிவம். பேலட் இடமிருந்து வலமாக ஏறுகிறது என்று வையுங்கள். டாக் ஆடும் அச்சுப் பின் இடது பக்கம், அதாவது பேலட் வருகிற பக்கம் இருக்க வேண்டும். மூக்கு வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகு சரிவு, முன்முகம் செங்குத்து. பேலட்டின் பட்டை முதுகில் ஏறி மூக்கை அமுக்கிவிட்டுப் போகும்; திரும்பி வரும்போது செங்குத்து முகத்தில் மோதி, விசை டாக்கின் உடம்பு வழியாகப் பின்னை நோக்கிப் போகும். டாக் அமுக்கத்தில் மட்டும் வேலை செய்யும், வளையாது. பின்னை வலது பக்கம் வைத்துச் செய்த டாக்குகளையும் பார்த்திருக்கிறேன். முன்னால் போகும் பேலட்டே அவற்றில் சிக்கி நின்றுவிடும். பட்டறையில் ஃபைல் வைத்து ராவி ராவிச் சரிசெய்வார்கள், சரியாகாது.

மூக்கில் பேலட் தொடும் புள்ளி, பின்னின் மையத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியமான அளவு. தொடும் புள்ளி உயரமாக இருந்தால், பின்னால் தள்ளும் சுமையே மூக்கை இன்னும் மேலே தூக்கப் பார்க்கும். ஒரு மேல்தடுப்பில் போய் முட்டி நின்றுகொள்ளும். ஸ்பிரிங் முறிந்து போனாலும், ஒருமுறை பிடித்த பேலட்டை விடாது. தொடும் புள்ளி பின்னைவிடத் தாழ்ந்திருந்தால் நேர் எதிர். சுமை வந்ததும் மூக்கு வழுக்கிக் கீழே போகும். அப்புறம் ஆட்கள் கெட்டியான ஸ்பிரிங் போடுவார்கள், அதற்கும் கெட்டியானது போடுவார்கள். இடத்துக்கு ஏற்றபடி பின்னை உயர்த்திவிட்டு, ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுவது பல யூனிட்டுகளில் நடக்கிற விஷயம்.

ஆனால் உயரத்தை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. ஏற்ற ஏற்ற, டாக்கைச் சுமையோடு இறக்குவது கடினமாகும். ஓர் உதாரணம் போடுவோம். பின்னிலிருந்து மூக்கு 60 மிமீ தள்ளி, 20 மிமீ உயரத்தில் இருக்கிறது. பின்னால் தள்ளும் விசை உங்கள் 62 நியூட்டன். மூக்கைக் கீழே இழுக்க, சுமையே மூக்கைத் தூக்கும் அந்தத் தன்பிடிப்பை வெல்ல 21 நியூட்டன், முகத்தின் உராய்வுக்கு 12 நியூட்டன், ஸ்பிரிங்குக்கு 5 நியூட்டன், ஆக 38 நியூட்டன் போதும். நாலு கிலோ, கையாலேயே முடியும். இதே டாக்கை மோட்டார் ரோலர் கன்வேயரில், பின்னால் 600 நியூட்டன் அழுத்தம் நிற்கிற இடத்தில் வைத்தால் 300 நியூட்டனுக்கு மேல் வேண்டும். 5 பார் காற்றில் 32 போர் சிலிண்டர் தரக்கூடியது ஏட்டுக் கணக்கில் 400 நியூட்டன். சீல் உராய்வும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் போக மிச்சம் அதிகம் இருக்காது.

ஏன் இவ்வளவு விசை என்றால், பின்னைச் சுற்றிக் கீழே இறங்கும் மூக்கு நேராக இறங்காது, கொஞ்சம் முன்னால் போய்த்தான் இறங்கும். மொத்த பேலட் வரிசையையும் சில மில்லிமீட்டர் ஏற்றத்தில் தள்ளிவிட்டுத்தான் அது விடுபடும். கார் ஹேண்ட்பிரேக்கை விடுவிக்கும்போது லிவரைச் சற்று மேலே இழுத்துவிட்டு பட்டனை அமுக்குகிறோமே, அதே சங்கதிதான். அதனால் டாக்கை இறக்கப் பெரிய சிலிண்டர் தேடுவதைவிட, புஷரை முன்னால் கொண்டுவந்து சுமையைத் தூக்கிக்கொண்டு, பிறகு டாக்கை இறக்குங்கள். உங்களிடம் புஷர் ஏற்கெனவே இருக்கிறது. ப்ரோக்ராமில் ஒரு ஸ்டெப் கூடுதல், அவ்வளவுதான்.

இன்னொன்று. முகத்தைச் செங்குத்தாக விடாமல் 3 முதல் 5 டிகிரி உட்சாய்வு வைத்தால் பட்டை வழுக்காது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உங்கள் டாக் இறங்கவும் வேண்டும் என்பதால் உங்களுக்கு வேண்டாம். எப்போதும் எழும்பியே நிற்கப் போகும் தடுப்புக்குத்தான் அது பொருந்தும்.

ஸ்பிரிங்குக்கு வருவோம். எல்லோரும் இங்கே அளவுக்கு மீறிப் போடுகிறார்கள். 150 கிராம் எடையுள்ள டாக்கின் மூக்கை 12 மிமீ எழுப்ப, மூக்கில் 5 நியூட்டன் கிடைத்தால் 20 மில்லிசெகண்டுக்குள் வேலை முடிந்துவிடும். பேலட் விநாடிக்கு 200 மிமீ வேகத்தில் போனாலும் அதற்குள் 4 மிமீ-தான் நகரும். இதைவிடக் கெட்டியான ஸ்பிரிங் என்ன தருகிறது? சத்தம், தேய்ந்த மூக்கு, பேலட்டின் அடியில் நீளக் கோடு. எடை குறைந்த பொருளென்றால் பொருளையே தூக்கிவிடும். அட்டைப்பெட்டி லைனில் காலிப் பெட்டி டாக்கின் முதுகில் ஏறி நின்றுகொண்டு நகராமல் இருப்பதைப் பார்த்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். முதுகின் சரிவை 20, 25 டிகிரிக்குள் வையுங்கள். 45 டிகிரி வரைவது சுலபம், ஓட்டுவது கஷ்டம்.

டார்ஷன் ஸ்பிரிங்கை (முறுக்கினால் திருப்பித் தள்ளுவது) பின்னில் கோர்த்துவிடுவது பார்க்க அழகாக இருக்கும். அதன் கால் வளைகிற இடத்தில்தான் முறியும், முறிந்தால் மொத்தமும் போச்சு. இழுவிசை ஸ்பிரிங்கின் கொக்கியும் அப்படியே. ஒரு குழியில் உட்காரும் கம்ப்ரெஷன் (அமுங்கும்) ஸ்பிரிங் வைத்தால், ஒரு சுற்று உடைந்தாலும் மீதி கொஞ்சம் தள்ளிக்கொண்டிருக்கும். கம்பி ஐஎஸ் 4454 (ஸ்பிரிங் கம்பிக்கான இந்தியத் தரம்) ரகமாக இருக்கட்டும். கூலன்ட்டும் கழுவும் நீரும் தெறிக்கிற உங்கள் இடத்துக்கு எஸ்எஸ் 302 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் நல்லது. அந்தக் குழியின் அடியில் கட்டாயம் ஒரு வடிகால் துளை போடுங்கள். அலுமினியச் சிப்ஸும் (சீவல்) கூலன்ட்டும் சேர்ந்து குழிக்குள் இறுகினால் சிமென்ட் மாதிரி ஆகிவிடும், ஸ்பிரிங் அமுங்காது. டாக்கின் அடிவயிற்றுக்குக் கீழேயும் திறந்தே இருக்கட்டும். தகடு வைத்து மூடினால் சிப்ஸ் அங்கேயும் நிறையும்.

ஸ்பிரிங்கே வேண்டாம், வால் பக்கம் எடை கூட்டி மூக்கு தானாக எழும்பும்படி செய்யலாமே என்றால், செய்யலாம். ஃபவுண்டரி மாதிரி சூடும் தூசியும் உள்ள இடத்தில் அதுதான் சரி. எழும்ப நேரம் எடுக்கும், குதிக்கவும் செய்யும். உங்கள் வேகத்துக்கு ஸ்பிரிங் போதும்.

அடுத்து, சுமை எங்கே போகிறது என்பது. பின்னின் துளையை வட்டமாகப் போடாமல் 3 மிமீ நீளவாக்கில் ஸ்லாட்டாகப் போடுங்கள். டாக்கின் பின்பக்க முகம் ஒரு பிளாக்கில் உட்காரட்டும். பிளாக்குக்கும் டாக்குக்கும் இடையில் ஷோர் ஏ 90 கடினத்துவமுள்ள பியூ பேட். பேலட் மோதினால் டாக் ஸ்லாட்டில் பின்னால் நகர்ந்து பேட்டை அமுக்கும். பின் மேல் மோதலின் அடி விழவே விழாது. பேட்டை மூக்கின் முகத்தில் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு பேலட்டும் உரசிக்கொண்டு போவதால் சீக்கிரமே கிழிந்து தொங்கும். பியூ வாங்கும்போது பாலிஈதர் வகையா என்று கேளுங்கள். பாலியெஸ்டர் வகை தண்ணீரிலும் சூட்டிலும் சிதையும்; பக்கத்திலேயே வாஷிங் மெஷின் இருப்பதால் சொல்கிறேன்.

பின் 12 மிமீ போதும், இரண்டு பக்கமும் தகடு பிடித்திருக்க வேண்டும். 3000 நியூட்டன் அடி நேராக அதன் மேல் விழுந்தாலும் இரட்டை வெட்டில் (இரண்டு இடத்தில் பகிர்ந்து வாங்கும்போது) 13, 14 மெகாபாஸ்கல்தான், ஸ்டீலுக்கு அது ஒன்றுமே இல்லை. உங்கள் கீலின் பின் வளைவதற்குக் காரணம் அது மெல்லியது, வளைகிறபடி சுமை வாங்குகிறது. 12 மிமீ போட்ட பிறகு அடுத்து தளர்வது பிராக்கெட்டின் போல்ட். போல்ட்டின் உராய்வை நம்பாமல் இரண்டு டவல் பின் (துளையில் இறுக்கமாகப் பொருந்தும் உருளைக் கம்பி) அடித்துவிடுங்கள், அல்லது பிராக்கெட்டின் முதுகு கன்வேயர் ஃபிரேமின் குறுக்குச் சட்டத்தில் முட்டி நிற்கட்டும். டாக்கின் உடம்புக்கு இஎன்8 ஸ்டீல் போதும். மூக்குக்கு மட்டும் இஎன்31 ஸ்டீல் துண்டை 58 எச்ஆர்சி (ராக்வெல் கடினத்துவ அளவு) வரை ஹார்டன் செய்து ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். பேலட்டின் குறுக்குப் பட்டை மூக்கைவிடச் சற்று மென்மையானதாக இருந்தால் தேய்வது பட்டையாக இருக்கும். எது தேய வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்வது நல்லது. என்னைக் கேட்டால், நிறைய இருக்கிற பேலட் பட்டைகளை விட்டுவிட்டு ஒரே ஒரு மூக்கு தேயட்டும் என்பேன். அப்படியானால் பட்டையை மூக்கைவிடக் கெட்டியாக்குங்கள்.

இடதும் வலதுமாக இரண்டு டாக் வைக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். இரண்டும் ஒருசேரப் பிடிக்காது. ஒன்று முந்திக்கொள்ளும், பேலட் கோணிக்கொள்ளும். நடுவில் ஒன்று, 20 மிமீ அகலத்தில்.

டாக்கை இறக்கும் சிலிண்டரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலிண்டர் ராடை டாக்கின் வாலோடு பின் போட்டுக் கோர்க்காதீர்கள். கோர்த்தால், பேலட் தாண்டும் ஒவ்வொரு தடவையும் டாக் ஆடுவதோடு ராடும் ஆடும். சீல் வீணாகத் தேயும். அதைவிட மோசம், உள்ளே அடைபட்ட காற்று மூக்கை மெதுவாக எழும்ப வைக்கும். நாம் கணக்குப் போட்ட 20 மில்லிசெகண்ட் காற்றோடு போகும். ராட் வாலைத் தொட்டு மட்டும் தள்ளட்டும். திரும்பினால் வாலுக்கும் ராடுக்கும் நடுவில் 2 மிமீ இடைவெளி இருக்கட்டும். அப்போது டாக்கின் ஒருவழி ஆட்டம் முழுக்க அதன் சொந்த விஷயம், சிலிண்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வால் 40 மிமீ நீளமென்றால் தேவை 60 நியூட்டன் அளவில் வரும். 20 போர் சிங்கிள் ஆக்டிங் (ஒரு பக்கம் மட்டும் காற்று தள்ளும்) சிலிண்டரே 5 பாரில் 157 நியூட்டன் தரும். லைனில் காற்று 4 பாருக்கு இறங்குகிற யூனிட் என்றால் 25 எடுத்துக்கொள்ளுங்கள். செட்டப் மாற்றம் எப்போதாவதுதான் என்றால் சிலிண்டரே வேண்டாம். பைக் கிளட்ச் கேபிளும் ஒரு கை லிவரும் போதும். எத்தனையோ எஸ்பிஎம்-களில் (ஒரே வேலைக்கென்று செய்த ஸ்பெஷல் மெஷின்களில்) அது வருஷக்கணக்கில் ஓடுகிறது.

சொலினாய்டு (மின்காந்தம் பிளஞ்சர் என்ற கம்பியை இழுக்கும் கருவி) வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். பிளஞ்சர் வெளியே நீண்டிருக்கும் நிலையில்தான் அதன் இழுவிசை மிகக் குறைவு, நமக்கோ விசை தேவைப்படுவது சரியாக அப்போதுதான். நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால் சூடாகும். சின்னப் பொருள், பேக்கிங் மெஷின் மாதிரி இடங்களுக்கு அது சரி.

ரெடிமேட் ஸ்டாப்பர் சிலிண்டரை நான் மட்டம் தட்டவில்லை. எஸ்எம்சி கம்பெனியின் ஆர்எஸ்க்யூ, ஆர்எஸ்எச், ஃபெஸ்டோ கம்பெனியின் டிஎஃப்எஸ்டி எல்லாம் நல்ல சரக்கு. ஆனால் அவை பிறந்தது ஓடுகிற கன்வேயரில் முன்னோக்கி வரும் பேலட்டை நிறுத்த. லிவர் வகையில் உள்ளேயே ஷாக் அப்சார்பர் இருக்கும். சாய்ந்திருக்கும் லிவர், பேலட் மோதினால் மெதுவாக நிமிர்ந்து நிறுத்தும், காற்று கொடுத்தால் மொத்தமும் கீழே இறங்கி வழிவிடும். நாளை இதே லைனை மோட்டார் ரோலராக மாற்றி, வாஷிங் மெஷின் வாயில் பேலட்டுகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாக விடப் போகிறீர்கள் என்றால் அங்கே அதை வாங்குங்கள். அப்போது கேட்லாக்கில் போரை மட்டும் பார்க்காமல் எடைக்கும் வேகத்துக்கும் போட்ட வரைபடத்தைப் பாருங்கள். நிறுத்திய பிறகும் ரோலர் அடியில் சுழன்றுகொண்டே இருப்பதால் ஒவ்வொரு பேலட்டும் தன் பங்குக்குத் தள்ளும், உராய்வு 0.3 என்றால் 20 கிலோ பேலட்டுக்கு 59 நியூட்டன், 10 பேலட் நின்றால் 590.

ரோலரையே ஒருபக்கம் மட்டும் சுழலும்படி செய்துவிடலாமே என்ற யோசனையும் நல்லதுதான். ஒருவழி பேரிங்கை ரோலருக்குள் போட்டால் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் பிடிக்கும், சத்தமே வராது. 3 டிகிரி சரிவுக்கு ஸ்டீல் மேல் ஸ்டீல் உராய்வே தாங்கும், பேலட்டின் எடை அந்த ரோலர்களில் உட்கார்ந்தால். ஆனால் கூலன்ட் எண்ணெய் படிந்தால் வழுக்கும், ஷாஃப்ட்டை ஹார்டன் செய்து கிரைண்ட் பண்ண வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் வேண்டும்போது விடுவிக்க முடியாது. உங்கள் செட்டப் மாற்றத்துக்கு ஆகாது.

காற்று போனால் என்ன ஆகும் என்பதை முடிவு செய்யாமல் எந்த வால்வும் வாங்காதீர்கள். ஏற்றத்தில் நிற்கிற வரிசைக்கு விடை ஒன்றுதான்: காற்றும் கரண்ட்டும் போனால் டாக் எழும்பி நிற்க வேண்டும். ஸ்பிரிங் எழுப்பட்டும், காற்று இறக்கட்டும். 3/2 வால்வு (மூன்று வழி, இரண்டு நிலை), சாதாரண நிலையில் மூடியிருப்பது. கையை எடுத்தால் டாக் எழும்பிவிடும்படி, அமுக்கிப் பிடித்தால் மட்டும் வேலை செய்யும் பட்டன் வையுங்கள்.

டாக் இறங்கிய நொடியில் 120 கிலோ கீழே வரத் தயாராக இருக்கிறது. புஷர் முன்னால் வந்து வரிசையைத் தாங்கியிருந்தால்தான் அந்த வால்வுக்குக் கரண்ட் போகும்படி இன்டர்லாக் கட்டாயம். நடு பேலட்டைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை கேபிளை இழுக்கச் சொல்வது எல்லா யூனிட்டிலும் நடக்கும்; விரல் போவது அப்படித்தான். கை லிவர்தான் வைக்கிறீர்கள் என்றால், லிவர் நிற்கிற இடத்திலிருந்து பேலட்டை எட்ட முடியாதபடி தள்ளி வையுங்கள்.

சென்சார் ஒன்று செலவு செய்யலாம் என்றால் அதைச் சிலிண்டரில் மாட்டாதீர்கள். சிலிண்டரின் ரீட் ஸ்விட்ச் ராட் எங்கே இருக்கிறது என்று சொல்லும், டாக் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. இரண்டையும் நாம்தான் பிரித்துவிட்டோமே. ஓர் இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டியை (உலோகம் அருகில் வந்தால் உணரும் சென்சார்) டாக்கின் வாலுக்கு எதிரே வைத்து, மூக்கு முழுக்க எழும்பினால்தான் சிக்னல் என்று செட் பண்ணுங்கள். அந்தச் சிக்னல் வராமல் புஷர் திரும்பக் கூடாது. சிப்ஸ் அடைத்து மூக்கு பாதியில் நின்றால், வரிசை உருளாது, மெஷின் நிற்கும், ஆபரேட்டர் வந்து பார்ப்பார். இந்த ஒரு இன்டர்லாக் மற்ற எல்லாக் கணக்கையும்விட உங்களைக் காப்பாற்றும்.

எங்கே செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். டாக்கும் பக்கத் தகடுகளும் பீன்யாவிலேயே லேசர் கட்டிங்கில் வந்துவிடும். ஸ்லாட்டையும் முகத்தையும் மட்டும் மில்லிங்கில் முடித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்காமல் பெங்களூரு எஸ்பி ரோட்டுக் கடைகளில் கையில் கிடைப்பதை இரண்டு மூன்று கெட்டியில் வாங்கி வந்து, மூக்கில் மீன் தராசு மாட்டி அரை கிலோ காட்டுவதைப் பொருத்துங்கள். முதலில் ஒரே ஒரு பேலட்டோடு ஓட்டுங்கள், பிறகு 6 பேலட்டோடு. அப்புறம் 6 பேலட்டும் நிற்கும்போது மெயின் ஏர் வால்வை மூடிப் பாருங்கள். முன்னதாக வரிசைக்குக் கீழே ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்துவிட்டு.